இரவு ஆறாத ஊரில் தக்காளி

ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கும், கத்தரியும் வெண்டையும் பச்சைமிளகாயும் காய்த்துக் கிடக்கும். தக்காளி மட்டும் கடையிலிருந்துதான் வரும். “செடி தளதளன்னு வருது, பூவும் பூக்குது. அப்புறம் பூ கொட்டிடுது, இல்லன்னா செடியே துவண்டு போவுது. என் கைராசி அப்படி” என்பார்கள் அக்காமார். கைராசியில் ஒரு குறையும் இல்லை அக்கா. தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பூ கொட்டுவதற்கு ஒரு காரணம், செடி துவள்வதற்கு வேறொரு காரணம்.

பூ கொட்டினால் எல்லாரும் பகல் வெயிலைத்தான் திட்டுகிறோம். அதைவிட இரவைத்தான் கவனிக்க வேண்டும். பகலில் 26 டிகிரியும் இரவில் 20 டிகிரியும் தாண்டினாலே தக்காளி காய் பிடிப்பது குறையத் தொடங்கும்; மகரந்தம் சூட்டில் கெட்டுவிடும். தக்காளி நன்றாகக் காய்க்கும் கேமரன் மலை சுமார் 1,500 மீட்டர் உயரம், இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். சிரம்பானில் விடியற்காலையில்கூட 23, 24தான். இதற்கு உரம் மருந்தில்லை. யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் கொழுக்கும்.

ஆகவே சூடு தாங்கும் ரகமாகப் பாருங்கள். தாழ்நிலத்துக்கென்றே மார்டி ஆய்வு நிலையம் எம்டி1 என்ற ரகத்தைக் கொடுத்திருக்கிறது. அது கிடைக்காவிட்டால் செர்ரி தக்காளி போடலாம். பெரிய பழ ரகங்களைவிட அது சூட்டில் நன்றாகக் காய் பிடிக்கும். நம் பக்கம் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதல். ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் குறைவு. டிசம்பர் தொடக்கத்தில் விதைத்தால் பூக்கும் நேரம் மழை குறைந்த மாதங்களில் விழும். ஈரக்காற்றில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், காலையில் பனி உலர்ந்த பிறகு பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருப்பதால் அந்த அசைவே போதும்.

செடி துவள்வது இதைவிடப் பெரிய தொல்லை. நடுப்பகலில் தலை சாயும், சாயங்காலம் நிமிரும், சில நாளில் நிமிராமலே போய்விடும். இலை பழுக்காது, பச்சையாகவே தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். அது தாகமே இல்லை. தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாஸில் வெட்டுவாய் மூழ்கும்படி அசையாமல் பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பால்மரத்துப் பால் கசிவதுபோல் வெள்ளை இழை ஒன்று கீழே இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய். அந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். கத்தரி, மிளகாய், இஞ்சி எல்லாவற்றையும் பிடிக்கும். காலங்காலமாகக் கத்தரியும் மிளகாயும் நட்ட கொல்லையில் தக்காளி ஏன் நிற்பதில்லை என்று இப்போது புரிகிறதா?

இதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம், மண்ணை மாற்றுங்கள். செம்பனைக் கன்று வளர்க்கும் பெரிய கறுப்புப் பை நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். அதில் தேங்காய்நார்த் தூளும் நன்றாக மக்கிய எருவும் நிரப்பி, கல்மேல் வையுங்கள். தரை மண் தொடக்கூடாது. கொல்லை மண்ணில் ஒரு பிடிகூடச் சேர்க்காதீர்கள்.

தரையில்தான் நடுவேன் என்பவர்களுக்கும் வழி உண்டு: கத்தரி வேர்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டுவது. தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் இஜி203 என்ற கத்தரி ரகத்தை இதற்காகவே பரிந்துரைக்கிறது. அந்த வேர் வாடலையும் தாங்கும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். கத்தரியைச் சில நாள் முன்பே விதைத்து, இரண்டும் இரண்டு மூன்று இலை விட்டதும் சாய்வாக வெட்டிப் பொருத்தி, சின்ன ரப்பர் குழாயால் பிடித்து, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஒரு வாரம் வைப்பார்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். புதைத்துவிட்டால் தக்காளித் தண்டே மண்ணில் வேர் பிடித்துவிடும். பட்ட பாடு வீண். எல்லாக் கத்தரியும் இந்த நோயைத் தாங்காது, அதையும் நினைவில் வையுங்கள்.

நம் செம்மண் புளிப்பு மண். தரையில் நடுகிறவர்கள் இரண்டு வாரம் முன்பே டோலமைட் சுண்ணாம்பு கலந்துவிடுங்கள். காயின் அடி கறுத்து அழுகுவது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினாலும் அதே கதிதான். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் கூரை ஒன்று போட்டால் மழையில் மண் இலைமேல் தெறிக்காது, பழமும் வெடிக்காது.

செடியிலேயே செக்கச்செவேல் என்று பழுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேலே சிவப்பு நிறம் சரியாக ஊறாது, மஞ்சளாகவே நின்றுவிடும். அடியில் லேசாக இளஞ்சிவப்பு தட்டியதும் பறித்து அடுப்படியில் நிழலான தட்டில் வையுங்கள், அங்கே பழுத்துக்கொள்ளும். குளிர்பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், வாசனை போய்விடும்.