மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும் அடுத்தடுத்து நிற்கின்றன. களியக்காவிளையைத் தாண்டி குமரி மாவட்டத்துக்குள் வந்தாலும் இதே காட்சிதான். ஒரு வீடு எவ்வளவு மின்சாரம் தின்கிறது, உள்ளே காற்று எப்படி இருக்கிறது, மழைக்காலத்தில் சுவரைத் தொடலாமா என்பதெல்லாம் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இந்த மூன்றையும் வீட்டுக்காரரே அளந்து பார்க்க முடியும்.

முதலில் மின்மீட்டர். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ‘3200’ போல ஓர் எண் அச்சாகியிருக்கும். விளக்கு அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் செலவாகிவிட்டது என்று பொருள். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மின்விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். இரண்டு சிமிட்டல்களுக்கு நடுவே எத்தனை வினாடி என்று பாருங்கள். எண் 3200 என்றால், 1125-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 15 வினாடி என்றால் 75 வாட். அது பழைய விசிறி. பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடுவதால் 37 வினாடிக்கு ஒருமுறைதான் சிமிட்டும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும் ஒரு விசிறியில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 164 யூனிட் மிச்சம். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டினால், எங்கோ ஒரு கருவியை அணைக்க மறந்திருக்கிறோம், அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது.

விசிறி இரவெல்லாம் ஓடுவதற்குக் காரணம் கூரை. கான்கிரீட் தளம் பகல் வெயிலை மெல்ல உள்வாங்கி, சில மணி நேரம் கழித்து அறைக்குள் இறக்குகிறது. அதனால்தான் நடுப்பகலைவிட முன்னிரவில் புழுக்கம் கூடுகிறது. ஓடு மெல்லியது, சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் ஆறிவிடும். மேலே ஏறும் வெப்பக் காற்றும் ஓட்டு இடுக்குகள் வழியே வெளியேறும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இந்த இரண்டையும் ஒன்றுசேர்த்தார். தளத்தின் அடிப்பகுதியில் உள்ள கான்கிரீட் பெரிதாகப் பாரம் தாங்குவதில்லை. அங்கே இழுவையைத் தாங்குவது கம்பிதான். அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்து வார்த்தார். சிமெண்ட் குறைந்தது, ஓடுகளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுத்தது. கட்டி முடித்த வீட்டுக்கு அதைவிட எளிய வழி உண்டு: மொட்டை மாடிக்கு வெள்ளை பூசுவது.

அடுத்தது காற்று. கொசுவுக்குப் பயந்தோ ஏசிக்காகவோ ஜன்னலை அடைத்தால் வீட்டுப் புகையும் உள்ளேயே தங்கிவிடும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவை அடைத்துக்கொண்டு சுருள் ஏற்றுவதைவிட ஜன்னலுக்குக் கம்பிவலை அடிப்பது எத்தனையோ மேல். விறகடுப்பு எரியும் சமையலறையில் கூரையை ஒட்டி ஒரு திறப்பு வேண்டும், புகை மேலே ஏறும் என்பதால். சமையல் எரிவாயுவோ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதற்குத் தரைமட்டத்திலும் திறப்பு வேண்டும். கசிவு வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

மூன்றாவது, உயிர் காக்கும் கருவியான இஎல்சிபி. வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று இது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டினால், அந்த மின்சாரம் ஒருவேளை ஒரு மனித உடல் வழியே மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் இந்தக் கருவி இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. அடிக்கடி விழுகிறது என்று சலித்துக்கொண்டு அதைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுப்பவர்கள் உண்டு. அது விழுவதே கசிவு இருக்கிறது என்று சொல்லத்தான். சரிசெய்ய வேண்டியது வயரிங்கை.

இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழையும் கொட்டும் ஊர் இது. சுவர்கள் ஈரமேறுவதற்கு முன், ஒரு மாலையை ஒதுக்கி இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். இஎல்சிபியில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். மின்சாரம் நின்றால் நல்லது. நிற்காவிட்டால் அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.