நோயை மறைக்கும் வெள்ளை எலி: முதல் மூன்று வாரம் ஏன் முக்கியம்?

ஆசையாக வாங்கி வந்த வெள்ளை எலி நேற்று வரை ஓடி விளையாடியது, இன்று காலை இறந்து கிடக்கிறது. இப்படி நேரும்போது நோய் ஒரே இரவில் வந்திருப்பது அபூர்வம். பூனை, பாம்பு, ஆந்தை என்று பலவற்றுக்கும் இரையாகும் பிராணி எலி. சோர்ந்து தெரிந்தால் முதலில் பிடிபடும் என்பதால், நோயைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது அதன் இயல்பாகிவிட்டது. நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே வாழும் உயிருக்கு ஒரு வாரத் தாமதமே அதிகம். எனவே அது காட்டும் வரை காத்திராமல் நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

தனிக் கூண்டு எதற்கு?

வீட்டில் ஏற்கெனவே எலிகள் இருந்தால், மறைந்துள்ள நோய் அவற்றுக்குப் பரவாதிருக்க, புதியவற்றை இரண்டு மூன்று வாரங்களுக்கு வேறு அறையில் வையுங்கள். பழைய எலிகளைக் கவனித்து முடித்த பிறகே புதியவற்றிடம் செல்ல வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்திருந்த கூண்டிலிருந்து வந்த பெண் எலி சினையாக இருக்கலாம். சினைக்காலம் சுமார் மூன்று வாரம்தான் என்பதால் அதுவும் இதற்குள் தெரிந்துவிடும். பெண் எலிகளுக்குத் துணை தேவை. வளர்ந்த ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும்.

மூச்சுச் சத்தம்

செல்ல எலிகளை அதிகம் வாட்டுவது மூச்சுக்குழாய்த் தொற்று. இதற்கு முக்கியக் காரணமான மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்ற பாக்டீரியா, அறிகுறியே இல்லாமல் உடலில் தங்கியிருக்கும். பயணம், புது இடம், கூட்ட நெரிசல் ஆகியவற்றால் எலி மிரளும்போது நோய் தலைதூக்கும். எலியைக் காதருகே பிடித்துக் கேளுங்கள். டக் டக் என்ற ஒலி, அடிக்கடி தும்மல், விலா அதிர மூச்சு வாங்குதல் ஆகியவை எச்சரிக்கைகள். ஆன்டிபயாடிக் மருந்தால் கட்டுப்படுத்தலாம், முழுதாக ஒழிப்பது கடினம்.

சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா இந்நோயை மோசமாக்கும். காற்றோட்டமுள்ள கூண்டும் காகிதத் துகள் படுக்கையும் நல்லவை. பைன், தேவதாரு மரச்சீவல்களைத் தவிர்க்கலாம். சுத்தம் செய்யும்போது ஈரமில்லாத கூட்டுப் பஞ்சில் கொஞ்சத்தை மீண்டும் வையுங்கள். தன் வாசனை இருந்தால் எலி பதற்றப்படாது.

எடை, முகம், தோல்

வளர்ந்த எலியின் எடை 20 முதல் 40 கிராம். சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்துவையுங்கள். 30 கிராம் எலிக்கு 3 கிராம் குறைவது பத்தில் ஒரு பங்கு இழப்பு, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை.

வலியில் இருக்கும் எலியின் கண் இடுங்கும், காது பின்னால் சாயும், மீசை முடி நிலை மாறும். இவற்றைக் கொண்டு வலியை அளவிடும் முறையை 2010இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கூன் விழுந்த முதுகு, சிலிர்த்த ரோமம் ஆகியவையும் நோயின் அடையாளங்கள். ஓயாத சொறிச்சலுக்கு உண்ணிப்பூச்சி காரணமாக இருக்கலாம். பெண் எலியின் பால்சுரப்பித் திசு விலா, தோள் வரை பரவியிருக்கும். அங்கே கட்டி தென்பட்டால் புற்றுநோயாக இருக்கக்கூடும்.

இப்படிச் சோதிக்கும்போது வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். கையைக் குழித்தோ, குழாயில் நுழையவிட்டோ எடுத்தால் எலிக்குப் பயம் குறைகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வு 2010இல் காட்டியது. வியர்த்துத் தணியும் வழி அதற்கு இல்லாததால், நம் ஊர் கோடையில் கூண்டை வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

வீட்டாருக்கு ஆபத்தா?

எல்.சி.எம்.வி. என்ற வைரஸை வீட்டுச் சுண்டெலிகள் சுமக்கும். அவற்றிடமிருந்து செல்ல எலிகளுக்கும் தொற்றலாம். அமெரிக்காவில் 2005இல் ஒருவரின் உறுப்புகளைத் தானமாகப் பெற்ற நால்வருக்கு இந்த வைரஸ் பரவி, மூவர் இறந்தனர். தானம் அளித்தவர் வீட்டு ஹாம்ஸ்டரிடம் அது கண்டறியப்பட்டது. கருவையும் இது பாதிக்கும் என்பதால், கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் கூண்டைத் தொட வேண்டாம். மற்றவர்கள் எலியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் விலகும். எலிக்காய்ச்சலைத் தடுக்க, வீட்டில் திரியும் எலிகள் கூண்டையும் தீவனத்தையும் அண்டாமல் காப்பது அவசியம்.

மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பது இந்தச் சிறு உடலுக்கு விஷமாகலாம். சிறு பிராணிகளுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவர் யார் என்று விசாரித்துக்கொண்டு, அதன்பின் எலியை வாங்குங்கள். விலை குறைந்த பிராணி என்பதால் அதன் வலி குறைந்ததாகிவிடாது.