விரும்பும் உணவும் வேண்டிய உணவும்



தூத்துக்குடிக் கடற்கரையில் காலை வேளையில் உலாவச் செல்வோர், அலை ஒதுக்கிய சிப்பிகளுக்கும் பாசிகளுக்கும் இடையே வெண்மையான ஒரு பொருளைக் காண்பதுண்டு. சிறு தோணி போன்ற வடிவம். கையில் எடுத்தால் கனமே இராது. நகத்தால் கீறினால் மாவாக உதிரும். கணவாயின் உடலுக்குள் இருக்கும் ஓடு அது. நாட்டு மருந்துக் கடைகளில் இதனைக் கடல்நுரை என்பர். பல ஆண்டுகள் இந்த ஓட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தவன் நான். ஒரு கிளி நோயுற்றபோதுதான் குனிந்து எடுத்தேன். அந்த நிகழ்ச்சியையும் அதனால் நான் கற்ற பாடத்தையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என்னிடம் படித்த ஒருவர் துறைமுகத்தை அடுத்த ஓர் அலுவலகத்தில் பணியாற்றி வந்தார். அலுவல் காரணமாக ஆறு மாதம் வெளிநாடு செல்ல நேர்ந்தபோது, தாம் வளர்த்த பஞ்சவர்ணக்கிளியை என் பொறுப்பில் விட்டுச் சென்றார். மக்காவ் எனப்படும் தென்னமெரிக்கக் கிளி அது. முதுகு நீலம்; மார்பு பொன்மஞ்சள்; அலகு முதல் வால் நுனி வரை ஏறத்தாழ மூன்று அடி நீளம்; எடை ஒரு கிலோகிராம் அளவு. “ஐயா, சூரியகாந்தி விதை போதும். வேறு எதையும் அது கேட்பதில்லை” என்று கூறி, ஒரு மூட்டை விதையையும் வைத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே கிண்ணம் நிறைய விதை வைத்தேன். அது போதாதென்று வறுத்த நிலக்கடலையும் கொடுத்தேன். என் பேத்தியோ, நம்மூர் மக்ரூனைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். “மக்காவுக்கு மக்ரூன்! பெயரிலேயே பொருத்தம் இருக்கிறதே, தாத்தா” என்று சிரித்தாள். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெண்கருவும் சேர்ந்த அந்தப் பண்டத்தைக் கிளி ஒரு காலால் பற்றிக்கொண்டு தின்னும் அழகைக் காண அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வந்து கூடுவர். அன்பு செலுத்துகிறோம் என்றே அனைவரும் எண்ணினோம்.

இரண்டாம் மாதத்தில் கிளியின் குரல் அடங்கியது. இறகுகள் ஒளி இழந்தன. மூக்குத் துளைகள் அடைபட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றேன். அவர் அலகைத் திறந்து, விளக்கொளியில் வாயின் உட்புறத்தைக் காட்டினார். அங்கே வெண்ணிறத் திட்டுகள் படர்ந்திருந்தன. “ஐயா, இந்தப் பறவை நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பட்டினி கிடந்திருக்கிறது. பல ஆண்டுக் குறை இப்போது வெளிப்பட்டுவிட்டது. இன்னும் சில நாள் கடந்திருந்தால் பிழைத்திராது” என்றார். மாணவரின் செல்வத்தை அவர் திரும்பி வருமுன் இழந்துவிடுவேனோ என்று அன்றிரவு நான் உறங்கவில்லை.

நிறைந்த கிண்ணத்தின் முன் பட்டினி எப்படி வரும்? சூரியகாந்திப் பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. காட்டில் நாள்தோறும் நெடுந்தொலைவு பறக்கும் பறவைக்குக் கொழுப்பு எரிபொருள். கூண்டில் அமர்ந்திருக்கும் பறவைக்கோ அது கல்லீரலில் படியும் சுமை. அவ்விதையில் ஏ உயிர்ச்சத்தோ இல்லையென்றே சொல்லலாம். வாய், மூக்கு, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்பூச்சான மென்தோலைக் காப்பது அச்சத்து. அது குறைந்தால் அத்தோல் தடித்து, வெண்திட்டாகி, நோய்க்கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். மூன்றாவது, சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம். சூரியகாந்தியில் கால்சியத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேலாகப் பாஸ்பரஸ் உள்ளது. பறவைக்கு வேண்டியதோ பாஸ்பரசைவிட மிகுதியான கால்சியம். இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தால் எலும்பு வலுவிழக்கும்.

வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு என்னும் இவ்வுண்மையை மனிதனுக்குக் கற்பித்தவையே பறவைகள்தாம். 1890-களில் ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில், ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கால் தளர்ந்து விழும் கோழிகளைக் கண்டார். தீட்டிய வெள்ளரிசிச் சோறு தின்ற கோழிகளுக்கு அந்நோய் வந்தது; தவிடு நீங்காத அரிசி தின்றவை நலமாயிருந்தன. பெரிபெரி நோயின் மருமம் அதனால் துலங்கிற்று. 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நீலகிரியில் குன்னூரிலும், 1918-க்குப் பின் மக்காரிசன் என்ற மருத்துவர் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை ஊட்டி இவ்வகை நோய்களை ஆராய்ந்தார். அவர் தொடங்கிய ஆய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இவற்றையெல்லாம் வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவன் நான். என் வீட்டுக் கூண்டின் முன் அவை நினைவுக்கு வரவில்லை. கரும்பலகையில் எழுதிய அறிவு கைக்கு வருவது எளிதன்று.

மருத்துவர் ஊசிமருந்து செலுத்தி உயிரைக் காத்தார். பின்னர் உணவு முறையை வகுத்துக் கொடுத்தார். கிளிகளுக்கென்றே சத்துகளை அளந்து கலந்து செய்யப்படும் தீவனக் குருணை பாதிக்கு மேல் இருக்கவேண்டும். எஞ்சியதில் பெரும்பங்கு காயும் கீரையும். சிறு பங்கு பழம். பஞ்சவர்ணக்கிளிக்கு மற்றக் கிளிகளைவிடச் சற்று மிகுதியான கொழுப்பு தேவை. ஆதலால் உப்பிடாத பாதாம், முந்திரி போன்ற பருப்பு நாளைக்குச் சில. சூரியகாந்தி விதை ஒழிக்கப்படவில்லை. உணவு என்ற நிலையிலிருந்து, நற்செயலுக்குத் தரும் பரிசு என்ற நிலைக்கு இறங்கியது.

இதற்காக எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. கொல்லையில் முருங்கை நின்றது. அதன் கீரையில் ஏ உயிர்ச்சத்தாக மாறும் கரோட்டினும் உண்டு, கால்சியமும் உண்டு. பப்பாளி, மஞ்சள் பூசணி, காரட் ஆகியவற்றின் செம்மஞ்சள் நிறமே கரோட்டின்தான். கோவில்பட்டிக் கரிசல் தந்த பாசிப்பயற்றை முளைகட்டிக் கொடுத்தோம். கம்பையும் சோளத்தையும் வேகவைத்துச் சிறிது சேர்த்தோம்.

கால்சியத்துக்குத்தான் கடற்கரைக்குச் சென்றேன். இக்கடலுக்குப் புகழ் தேடித் தந்த முத்தும், யாரும் விலை கேளாத கணவாய் ஓடும், கோழிமுட்டையின் ஓடும் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனவை. அதுவே கால்சியம் கார்பனேட். பெருமுறை முத்துக்குளிப்பு இங்கே இறுதியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். முத்து கிடைக்காத கரையில் எனக்கு வேண்டிய செல்வம் கிடைத்தது. ஓட்டைச் சில நாள் நன்னீரில், நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, உப்பு நீக்கிக் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்தினேன். கூண்டில் கட்டினால் அந்த வலிய அலகு நொடியில் நொறுக்கிவிடும். ஆகவே சுரண்டித் தூளாக்கி, மருத்துவர் சொன்ன அளவில் கீரைமேல் தூவினேன். கால்சியம் உடலில் சேர டி உயிர்ச்சத்து வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். கண்ணாடிச் சன்னலின் ஊடே வரும் வெயிலில் உரிய புற ஊதாக் கதிர் வந்து சேராது. எனவே காலை இளவெயிலில், நிழலும் அருகே இருக்குமாறு, கூண்டை முற்றத்தில் வைத்தோம்.

உணவை வகுப்பது எளிது. உண்ணச் செய்வது அரிது. முதல் நாள் கீரையைக் கிளி தரையில் வீசியது. பட்டினி போட்டுப் பணியவைப்பது பறவையின் உயிருக்கே கேடு என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். எனவே நாள்தோறும் எடை பார்த்து, விதையைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். கிளி கூட்டமாக வாழும் பறவை. துணை உண்பதைத் தானும் உண்ணும். இதை அறிந்து, கூண்டின் முன் அமர்ந்து நானும் பேத்தியும் பப்பாளியை உண்டோம். ஒன்பதாம் நாள் அது கழுத்தை நீட்டி ஒரு துண்டைக் கேட்டது. முருங்கைக்கீரைக்கு மூன்று வாரம் ஆயிற்று.

விலக்க வேண்டியவற்றையும் கூறுகிறேன். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, சாக்லேட், காப்பி, தேநீர், மது ஆகியவை கிளிக்கு நஞ்சு, வெங்காயமும் ஆகாது. கடற்காற்றின் ஈரத்தில் நிலக்கடலை விரைவில் பூசணம் பிடிக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தது பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கினால்தான். அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அதனால் கண்டறியப்பட்டது. உப்பளங்கள் சூழ்ந்த நம்மூரில் உப்பைப்பற்றியும் தனியே சொல்லவேண்டும். துறைமுகத்தில் நாம் காணும் கடற்காகத்துக்குக் கண்ணின் மேற்புறம் உப்பை வடித்தெறியும் சுரப்பி உண்டு. அது கடல்நீரையும் குடிக்கும். கிளிக்கு அவ்வசதி இல்லை. பெரு நாட்டுத் தம்போபாத்தா ஆற்றங்கரையில் காட்டுப் பஞ்சவர்ணக்கிளிகள் சோடியம் நாடி களிமண்ணைக் கொத்தித் தின்பது உண்மையே. அங்குள்ள உணவில் அது குறைவு, ஆதலால் தேடுகின்றன. நம் வீட்டு உப்புக்கடலையில் அது அளவு மீறியது. குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு என்பதே சமச்சீர் உணவின் சாரம்.

இதைக் கேட்டுக் கிளி வளர்க்க ஆசை கொள்வீர்களாயின், இரண்டு செய்திகளை மறவாதீர்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பஞ்சவர்ணக்கிளியை வைத்திருப்போரும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். இரண்டாவது, அது ஐம்பது ஆண்டும் வாழக்கூடிய பறவை. பள்ளிப் பருவத்தில் நீங்கள் கேட்டு வாங்கும் கிளி, உங்கள் பேரப்பிள்ளைகளையும் காணக்கூடும். அத்தனை காலமும் அதன் கிண்ணத்துக்கு யார் பொறுப்பு என்று எண்ணிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

ஆறாம் மாத முடிவில் மாணவர் திரும்பினார். கிளி அவர் குரல் கேட்டுக் கத்திற்று. புதிய இறகுகள் முளைத்திருந்தன. நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். அவர் தலை குனிந்து, “நானும் அது கேட்டதையே கொடுத்து வந்தேன், ஐயா” என்றார். இருவர் பிழையும் ஒன்றே. நாக்கு கேட்பது விருப்பம். உடலுக்கு வேண்டியதைக் கேட்க அதற்கு வாய் இல்லை. பறவைக்காக அதை அறிந்து கொடுப்பது வளர்ப்பவர் கடமை. உங்கள் உடலுக்காக அதை அறிய வேண்டியவர் நீங்களே. நாளை உங்கள் தட்டில் கீரையை ஓரம் ஒதுக்கும்போது, அந்தப் பஞ்சவர்ணக்கிளியைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.