ராமானுஜனின் கம்பளி

கம்பளி இருந்தும் போர்த்திக்கொள்ளத் தெரியாமல் ஒரு கணித மேதை குளிரில் நடுங்கினார் என்றால் நம்புவீர்களா? சின்ன வயதில் நம்ம காஞ்சிபுரத்திலும் சில காலம் வளர்ந்த சீனிவாச ராமானுஜன்தான் அவர்! 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே கம்பளிகளை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருப்பார்கள். பாயை விரித்துப் படுக்கிற ஊரிலிருந்து போனவருக்கு அது எப்படித் தெரியும், பாவம்! விரிப்பின் மேலேயே ஓவர்கோட்டும் சால்வையுமாகப் படுத்து நடுங்கியிருக்கிறார். பார்க்க வந்த வங்காள மாணவர் மகலனோபிஸ்தான், கம்பளிகளை விலக்கி, உள்ளே நுழைந்து படுப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். பின்னாளில் பெரிய புள்ளியியல் அறிஞரானாரே, அவரேதான். காஞ்சிபுரம் பக்கத்து மாகறலிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் புறப்படும் தம்பி, தங்கைகளே, தெரியாததைப் பக்கத்து அறை நண்பரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.