நெஞ்சம் என்னும் நிலம்

நிலத்தை உழுது பண்படுத்துகிறோம், மனத்தையும் பண்படுத்துகிறோம். இவ்விரு வினைகளுக்கும் ஒரே சொல்லை வழங்குகிறது நம் தமிழ். பண்பாடு என்னும் சொல்லும் அவ்வேரினின்றே கிளைத்தது. ஆகவே, கலிலேயாக் கடலோரத்தில் படகில் அமர்ந்து இயேசுபிரான் கூறிய விதைப்பவன் உவமை தமிழர்க்கு அயலானதன்று. எனினும், அதனை நாம் பல வேளைகளில் தவறாகவே பொருள் கொள்கிறோம்.

மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் இவ்வுவமையைத் தந்துள்ளனர். உழவன் ஒருவன் விதைக்கப் புறப்படுகிறான். வழியோரம் விழுந்த விதையைப் பறவைகள் பொறுக்கிச் செல்கின்றன. பாறை நிலத்தில் விழுந்தது முளைத்துக் கருகுகிறது. முட்களிடையே விழுந்தது நெருக்குண்டு போகிறது. நல்ல நிலத்தில் விழுந்ததோ முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தருகிறது. லூக்கா மட்டும் நூறு மடங்கை மாத்திரமே குறிப்பிடுகிறார்.

அந்நாட்டு உழவர் விதையைக் கையால் வீசி விதைத்தனர். வயல்களினூடே மக்கள் நடந்து சென்றனர். சீடர்கள் ஓய்வுநாளில் விளைவயல் வழியே சென்றதை நற்செய்தி நூல்களே கூறுகின்றன. மலைப்பாங்கான இடங்களில் மெல்லிய மண்ணுக்கடியில் பாறை கிடக்கும். அங்கே விதை விரைந்து முளைக்கும். வேர் இறங்க இடமின்மையால் வெயிலில் வாடும்.

இந்நால்வகை நிலத்தையும் நால்வகை மனிதராகக் கொள்வது நம் வழக்கம். நல்ல நிலத்தில் நம்மை வைத்துக்கொண்டு, ஏனைய மூன்றையும் அண்டை அயலார்க்கு ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், வழியோரம் தொடக்கத்திலேயே வழியோரமாக இருந்ததன்று. அதுவும் வயலின் ஒரு பகுதியே. பலர் கால் பட்டு இறுகிப்போயிற்று. ஒரே நெஞ்சில் நான்கு நிலங்களும் உண்டு என்று கொள்வதே நமக்குப் பயன் தரும்.

இதனை நாம் உணர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று. தலைநகரில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வரும் நாம், அன்று தமிழ் வழிபாட்டுக்குத் தனியே சென்றிருந்தோம்; குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருந்தமையால் மனைவியார் வர இயலவில்லை. போதகர் இந்தியில் பேச, ஒருவர் தமிழில் பெயர்த்துச் சொன்னார். வீடு திரும்பியதும், இன்றைய செய்தி யாது என்று மனைவியார் வினவினார். மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஏழு பிழைகளை நம்மால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. செய்தியைச் சொல்ல முடியவில்லை. நாள்தோறும் சொற்கள் நடந்து நடந்து நம் நெஞ்சில் ஒரு பாதை விழுந்திருந்தது. விதை அதன்மேல் கிடந்தது, பறவைக்கு எளிதாயிற்று.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மற்ற இரு நிலங்களும் புதியவையல்ல. கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர் நினைவு பொங்க, தமிழ்ச் சபையைத் தேடி ஓடுகிறோம். பொங்கலுக்குள் அவ்வார்வம் வாடிவிடுகிறது. அது பாறை நிலம். வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஊரிலுள்ள பெற்றோரின் உடல்நிலை ஆகியவை முட்கள். இவை தீயவையல்ல, இடத்தை அடைத்துக்கொள்பவை.

இவற்றுக்கு மாற்று என்ன? முதலாவது உழுதல். தரிசு நிலத்தைக் கிளறும்படி ஓசேயாவும் எரேமியாவும் தம் மக்களை அழைத்தனர். நம் தவற்றை ஒப்புக்கொள்வது அத்தகைய உழவு. மொழி தெரியாத ஊரில் வந்திறங்கி, பிறர் சொல்வதைக் கூர்ந்து கேட்டுக் கேட்டுப் பழகிய அந்த முதல் நாட்களின் வருத்தமும் ஓர் ஏரே. அது இறுகிய மண்ணைப் பிளக்க வல்லது. இரண்டாவது, ஆழமாக்குதல். ஒரே நாளில் பல அதிகாரங்களைப் படித்து முடிப்பதைவிட, ஒரு சிறு பகுதியைத் தாய்மொழியில் படித்து, அன்று முழுவதும் நினைவில் வைத்திருப்பது வேரூன்ற உதவும். மூன்றாவது, களையெடுத்தல். அதை ஒருமுறை செய்து ஓய்ந்துவிட இயலாது. நீர் பாய்ச்சுவதினும் பயிரைக் காப்பது நன்று என்று வள்ளுவரும் உழவு அதிகாரத்தில் உரைக்கிறார். நல்ல நிலத்தார் பொறுமையுடன் பலன் தருவர் என்கிறார் லூக்கா.

நிலம் விதையைப் படைப்பதில்லை. விதைத்தவன் உறங்கி எழுகையில், அவனறியாமலே பயிர் வளர்வதை மாற்கு மற்றோர் உவமையாகத் தருகிறார். வளரச் செய்வது இறைவன் செயல். இடங்கொடுப்பதே நம் பங்கு.

அடுத்த ஞாயிறன்று அதே மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்றார். பிழைகள் அன்றும் இருந்தன. நாம் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து, மனைவியார் கேட்குமுன்னரே செய்தியைச் சொன்னோம்.