பன்னிரண்டு முடிச்சு

கெட்டிக்காரக் கண்ணு, போன வாரம் நீ கேட்டாயே, “மாமா, கொத்தனார் எதற்கு மண்ணில் முளையடித்து நூல் கட்டுகிறார்?” என்று. அந்த வழியாக எத்தனையோ பேர் போகிறார்கள். நீதான் நின்று பார்த்திருக்கிறாய்!

அவர் மூலைமட்டம் பார்க்கிறார். மூலை கோணினால் சுவர் கோணும். அப்புறம் கட்டிலைக்கூடச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது.

நீயும் செய்து பார். சின்னாளப்பட்டியில் நூலுக்கா பஞ்சம்? துணியை முடிந்து சாயமேற்றும் சுங்குடி ஊர்க்காரருக்கு முடிச்சுப் போடச் சொல்லித்தரவும் வேண்டாம். 12 சாண் நூலில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போடு. இரு முனைகளையும் சேர்த்துக் கட்டு. கட்டிய இடத்தில் ஒரு குச்சி நடு. அங்கிருந்து எண்ணி மூன்றாவது முடிச்சில் ஒன்று, ஏழாவதில் ஒன்று. நூல் விறைப்பாக நிற்கட்டும். பக்கங்கள் 3, 4, 5 சாண். மூன்றும் நாலும் சேரும் மூலையில் உன் நோட்டை வை. கச்சிதமாக உட்காருகிறதா?

மூமூன்று 9, நாநான்கு 16. கூட்டினால் 25. ஐயைந்தும் 25! இப்படிப் பொருந்தினால்தான் மூலை கோணாது. புரிந்ததா? இன்னொரு முறை போட்டுப் பார், மாமா காத்திருக்கிறேன்.

இதனால் வயலுக்கு என்ன லாபம்? ஓடைக்கரை வயல், கடித்த மாம்பழம் மாதிரி கோணல்மாணலாக இருக்கும். சர்வேயர் நடுவே நீளமாக ஒரு கோடு இழுப்பார். அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் மூலைமட்டத்தில் ஒரு கோடு. வயல் முக்கோணங்களாகவும் நாலு பக்கத் துண்டுகளாகவும் பிரிந்துவிடும். நாலு பக்கத் துண்டையும் குறுக்கே பிரித்தால் இரண்டு முக்கோணம். பட்டம் செய்யும் சதுரத் தாளைக் குறுக்கே மடி. முக்கோணம் சதுரத்தில் சரிபாதி. அவ்வளவுதான் கணக்கு!

வயலை அளப்பது இன்று நேற்று வந்ததல்ல. ராஜராஜ சோழன் 1001-ஆம் ஆண்டு வாக்கில் நாட்டையே அளக்கச் சொன்னான். நிலத்துக்குத் தக்கபடி வரி போட வேண்டுமே! அளவையை நடத்திய அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்று பட்டம். 16 சாண் கோல் வைத்து அளந்தார்கள். சில கோயில்களில் கோலின் நீளத்தைக் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். கோல் குட்டையானால் கல் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

அவர்கள் கணக்கில் ஒரு வேலி நிலத்தில் 320-ல் ஒரு பங்கு ‘முந்திரி’. அதையும் 320 ஆக்கினால் ‘கீழ்முந்திரி’. வேலி என்பது இன்றைய கணக்கில் சுமார் 6.6 ஏக்கர். அப்படியானால் கீழ்முந்திரியில் நீ சம்மணம் போட்டு உட்காரலாம். பாய் விரிக்க முடியாது!

சோழர்களுக்கும் மூத்தவர்கள் பாபிலோனியர்கள். இன்றைய இராக்கில், சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன், ஒருவர் ஈரக் களிமண்ணில் வயல் படம் கீறினார். யாரோ நிலத்தில் ஒரு பகுதியை விற்றிருக்கிறார்கள். சதுப்பு, களத்துமேடு, கோபுரம் எல்லாம் அதில் உண்டு. 1894-ல் கிடைத்த அந்தப் பலகை இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கணித அறிஞர் டேனியல் மேன்ஸ்பீல்டு 2021-ல் அதன் மூலைகளை ஆராய்ந்து சொன்னார்: நம் 3, 4, 5 போலவே 5, 12, 13-ஐயும் வைத்து மட்டம் பிடித்திருக்கிறார்கள்!

அதற்கு எத்தனை சாண் நூல் வேண்டும், சொல்? ஆமாம், 30. அம்மாவிடம் கேட்டு வாங்கு. தறியில் ஓடும் நூலில் மட்டும் கை வைக்காதே!