சிம் கார்டுக்கும் ஒரு பூட்டு உண்டு

பேருந்து நெரிசலில் போன் பறிபோனால், 'நல்ல வேளை, லாக் போட்டிருந்தேன்' என்றுதான் பலரும் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 பதிப்போடு சந்தைக்கு வந்த போன்களிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் உள்ளே இருக்கும் தகவல்கள் சங்கேத வடிவில்தான் பதிவாகின்றன. நாம் போடும் பின் எண், போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ரகசிய எண்ணோடு சேர்ந்தால்தான் அந்தச் சங்கேதம் அவிழும். ஆகவே நினைவகச் சில்லைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துப் படித்துவிட முடியாது. அந்த போனிலேயே ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்புகள். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம். தவறு கூடக்கூட போன் நம்மைக் காக்கவைக்கும் நேரமும் கூடும்.

விவரம் தெரிந்த திருடர் அந்தப் பக்கமே போகமாட்டார். போனின் விளிம்பில் உள்ள சின்னத் துளையில் ஊசியை அழுத்தினால் சிம் தட்டு வெளியே வந்துவிடும். அந்த சிம்மை வேறொரு போனில் செருகினால் சற்று நேரத்தில் சிக்னல் கிடைத்துவிடும். முன்வாசலுக்கு ஏழு பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான் இது. அந்த நிமிடத்திலிருந்து உங்கள் எண்ணுக்கு வரும் ஒவ்வோர் ஓடிபியும் அவர் கைக்குப் போகிறது.

உங்கள் எண் அவருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த சிம்மிலிருந்து இன்னொரு போனுக்கு அழைத்தாலே எண் வந்துவிடும். வங்கியின் மிஸ்டு கால் சேவைக்கு அழைத்தால் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று குறுஞ்செய்தியே வந்து சொல்லும். யுபிஐ பின்னை மாற்றத்தான் கொஞ்சம் கூடுதல் விவரம் வேண்டும்: டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்கள், அது காலாவதியாகும் மாதம், ஆண்டு. நம்மில் எத்தனை பேர் போனின் பின்கவருக்குள் ஏடிஎம் கார்டைச் செருகி வைத்திருக்கிறோம்! போனும் கார்டும் ஒன்றாகப் போனால் எல்லாமே கொடுத்த மாதிரிதான். இந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

சிம் என்பது வெறும் பிளாஸ்டிக் துண்டல்ல, ஒரு குட்டிக் கணினி. 1991-ல் ஜெர்மனியின் கீசெக்கே & தெவ்ரியென்ட் நிறுவனம், பின்லாந்தின் ரேடியோலின்யா தொலைபேசி நிறுவனத்துக்காக முதல் வணிக சிம் கார்டுகளைச் செய்து கொடுத்தது. அதன் வேலை இன்றும் ஏறக்குறைய அதேதான். உள்ளே 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது எப்போதும் வெளியே வருவதில்லை. நெட்வொர்க் ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். சிம் அதை ரகசியச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். விடை சரியென்றால் இணைப்பு கிடைக்கும். கார்டு அசல்தான் என்பதற்கு இது அருமையான சான்று. ஆனால் அது யார் கையில் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

அதைக் கேட்பதற்கென்றே இருப்பதுதான் சிம் பின். நான்கு முதல் எட்டு இலக்கம் வரை வைக்கலாம். நம் ஊரில் பொதுவாக இது அணைத்து வைக்கப்பட்டே சிம் நம் கைக்கு வருகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. கடையில் சிம் தரும்போது ஒரு வார்த்தை சொன்னால் எத்தனையோ பேரின் பணம் தப்பும். பின்னைச் சரிபார்ப்பது சிம்தான் என்பதால் எந்த போனில் போட்டாலும் அது கேட்கும். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். பிறகு பியுகே என்ற எட்டு இலக்க எண் வேண்டும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் அந்த சிம் அவ்வளவுதான், புதிதுதான் வாங்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் தேடலில் 'சிம் லாக்' என்று தேடுங்கள். ஐபோனில் மொபைல் சர்வீஸ் (பழைய பதிப்புகளில் மொபைல் டேட்டா) பகுதிக்குள் இருக்கிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம். முதலில் கேட்பது நிறுவனமே வைத்திருக்கும் பழைய பின்னை. ஊகித்துப் போட்டுப் பார்க்காமல் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொள்ளுங்கள். பியுகே எண்ணையும் அப்போதே வாங்கிவிடலாம். இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். இசிம்மைக் கழற்ற முடியாது என்பதால் அதை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

ஒரு சங்கடமும் உண்டு. போனை அணைத்துப் போடும்போதெல்லாம் பின் கேட்கும். இரவில் அப்டேட்டுக்காக போன் தானாக ரீஸ்டார்ட் ஆனால், பின் போடும் வரை அந்த எண்ணுக்கு அழைப்பே வராது. தனியாக இருக்கும் பெரியவர்களின் போனில் இதை யோசித்தே செய்ய வேண்டும். வங்கிக்குக் கொடுத்த எண்ணுக்கு மட்டும் பூட்டு, பிள்ளைகள் அழைக்கும் எண் பூட்டில்லாமல் என்று பிரித்துக்கொள்வது நல்லது என்பேன்.

சிம்மைப் பூட்டிவிட்டு இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. பல போன்களில் திரையைத் திறக்காமலேயே குறுஞ்செய்தி முழுவதும் மேலே தெரியும், ஓடிபி உட்பட. நோட்டிஃபிகேஷன் பகுதியில், லாக் திரையில் செய்தியின் உள்ளடக்கத்தை மறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்ற ஆறு இலக்க பின்னையும் வைத்துவிட்டால், ஓடிபி கிடைத்தவர்கூட உடனடியாக உங்கள் பெயரில் உள்ளே நுழைய முடியாது.

போன் தொலைந்தே விட்டால் தேடி அலைவதற்கு முன் சிம்மை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால் எந்த சிம்மைப் போட்டாலும் இந்திய நெட்வொர்க்குகளில் அந்த போன் வேலை செய்யாதபடி முடக்கலாம். அதற்கு 15 இலக்க ஐஎம்இஐ எண் தேவை. போன் கையில் இருக்கும்போதே *#06# என்று அழுத்தினால் அது திரையில் வரும். அதையும் பியுகே எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போனுக்குள் சேமித்து வைத்தால் தேவைப்படும் நாளில் அது கையில் இருக்காது.